உடலும் அமானிதம், பூமியும் அமானிதம்

நமது உடல் நமக்குச் சொந்தமானது என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்து வைத்திருக்கும் அமானிதம். இன்ன நாளில் திருப்பிக் கேட்பேன் என்று தவணை சொல்லாமல் கொடுத்து வைத்த அமானிதம். மறுமை விசாரணையில் ஆயுளைப் பற்றியும், கற்ற கல்வியைப் பற்றியும், ஈட்டிய பொருளைப் பற்றியும் கேட்கப்படும் போது, உடலை எதிலே தேய்த்தோம் என்பதும் ஒரு கேள்வியாக வரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நம்மை எச்சரித்திருக்கிறார்கள். இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்றுத் தம்மை வருத்திக் கொண்ட தோழர் ஒருவரிடம், உமது உடலுக்கும் உம்மிடம் ஓர் உரிமை இருக்கிறது என்ற கருத்தை அவர்கள் எடுத்துச் சொன்ன வரலாறு நம் இல்லங்களில் பலரும் அறிந்ததே.

இந்த உடலைப் போலவே நாம் நடக்கும் பூமியும், குடிக்கும் நீரும், சுவாசிக்கும் காற்றும் அமானிதங்களே. நமக்கு முன்னிருந்தவர்கள் நம்மிடம் விட்டுப் போனார்கள். நாம் நம் பிள்ளைகளிடம் விட்டுப் போக வேண்டும். தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேடு மனிதக் கரங்களின் சம்பாத்தியம் என்று திருமறை சுட்டிக் காட்டுகிறது.

இந்த இரண்டு அமானிதங்களுக்கும் இடையில் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தால் என்ன செய்வது? உடலைப் பேணுவதற்காக நாம் கைக்கொள்ளும் வழி, பூமியைக் கெடுப்பதாக அமைந்துவிட்டால் அது நன்மையா, தீமையா? நகரத்துச் செல்வர்களுக்கு மட்டும் உரிய கேள்வியாக ஒரு காலத்தில் இது தோன்றியிருக்கலாம். உசிலம்பட்டி போன்ற ஊர்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களும், வீட்டு மாடியில் ஓடும் இயந்திரங்களும் வந்துவிட்ட இந்நாளில் நம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நிற்கும் கேள்வி இது.

உழைப்பு குறைந்தது, நோய் பெருகியது

முதலில் ஒன்றை ஒப்புக் கொள்வோம். உடற்பயிற்சி இன்று ஆடம்பரமன்று, அவசியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023இல் வெளியான பெரிய ஆய்வு, நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் உடலுக்குத் தேவையான அளவு அசைவே இல்லாமல் வாழ்கிறார்கள் என்றும், ஆண்களைவிடப் பெண்களிடையே இந்தக் குறை அதிகம் என்றும் சொன்னது. வயது வந்த ஒருவர் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உழைப்புத் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளுக்கு அரை மணி நேரம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் சுறுசுறுப்பாக நடந்தாலே இந்தக் கணக்கு நிறைவேறிவிடும்.

நம் பாட்டனார்களுக்கு இந்த அறிவுரை தேவைப்படவில்லை. கமலை இறைத்தார்கள். துணி மூட்டையைத் தலையில் சுமந்து சந்தைக்குச் சந்தை நடந்தார்கள். நம் பாட்டிமார்கள் உரலில் இடித்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், ஊருணிக்குப் போய் இடுப்பில் குடம் சுமந்து வந்தார்கள். அந்த வாழ்வு இனிமையாக இருந்தது என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. முதுகு ஒடிந்து, கால் தேய்ந்துதான் அவர்கள் வாழ்ந்தார்கள். அந்தப் பாரத்தை இயந்திரங்கள் இறக்கி வைத்தது அல்லாஹ்வின் அருட்கொடை என்றே சொல்ல வேண்டும். ஆனால் இறக்கி வைத்த பாரத்துக்குப் பதிலாக நாம் வேறொரு விசித்திரத்தைத் தேடிக் கொண்டோம். வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து கொண்டோம். உட்கார்ந்ததால் வந்த நோயைத் தீர்க்க இன்னோர் இயந்திரத்தை வாங்கினோம். இரண்டுக்கும் மின்சாரக் கட்டணம் செலுத்துகிறோம்!

ஓடியும் நகராத ஓட்டம்

நின்ற இடத்திலேயே ஓட வைக்கும் டிரெட்மில்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1818ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர் வில்லியம் கியூபிட் என்பவர் சிறைக் கைதிகளுக்கென்று ஒரு பெரிய மிதி சக்கரத்தை அமைத்தார். கைதிகள் மணிக்கணக்கில் அதன் படிகளை மிதித்துக் கொண்டே இருக்க வேண்டும். சில சிறைகளில் அந்தச் சக்கரம் தானியம் அரைத்தது. சில சிறைகளில் நீர் இறைத்தது. வேறு பல சிறைகளில் அது எதையும் அரைக்கவில்லை, காற்றை மட்டுமே சுழற்றியது. உழைப்பின் பயன் யாருக்கும் இல்லை என்பதே அங்கே தண்டனையின் கடுமையாக இருந்தது. 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பிறகு அந்த நாடே அதைக் கைவிட்டது.

இன்று அதே பெயருடைய இயந்திரத்தை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். அன்றைய சக்கரமாவது கைதியின் காலால் சுழன்றது. இன்றைய இயந்திரத்தை மின்சாரம் சுழற்ற, அதன் மேல் நாம் ஓடுகிறோம். அது ஓடும் போது ஏறத்தாழ 600 வாட் மின்சாரத்தை இழுக்கும். சைக்கிள் மிதிக்கும் சாதாரண மனிதர் ஒருவரால் தொடர்ந்து வெளிப்படுத்த முடிந்த ஆற்றல் 75 முதல் 100 வாட் அளவுதான். ஆக, நமது உடம்பு உழைக்கும் உழைப்பைவிட அந்த உழைப்பை நமக்குத் தருவதற்காக இயந்திரம் உழைக்கும் உழைப்பு அதிகம்.

ஒருவர் தினமும் முக்கால் மணி நேரம் அதில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் அரை யூனிட், மாதத்துக்குச் சுமார் 15 யூனிட் ஆகும். ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டியும் கூடவே ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் சேரும். தூத்துக்குடி போன்ற அனல் மின் நிலையங்களில் நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும் போது ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. நம் மாநிலத்தில் காற்றாலையும் சூரிய ஒளியும் நிறையவே மின்சாரம் தருகின்றன. எனினும் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிதாகவே இருக்கிறது.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் வழியைப் பாருங்கள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தை மோட்டார் சைக்கிளில் கடந்து போய், அங்கே இரண்டு கிலோமீட்டர் இயந்திரத்தில் நடந்துவிட்டு, மீண்டும் மோட்டார் சைக்கிளில் திரும்பி வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! மாதம் 25 நாள் இவ்வாறு போய் வந்தால் 100 கிலோமீட்டர் ஆகிறது. இரண்டு லிட்டர் பெட்ரோல் போகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். நடந்தே போயிருந்தால் பெட்ரோலும் மிச்சம், கூடத்தின் கட்டணமும் பாதி மிச்சம், உடலுக்கு வேண்டிய பயிற்சியும் வழியிலேயே முடிந்திருக்கும்.

காலில் போடும் காலணியும் கணக்கில் வரும். ஒரு ஜோடி ஓட்டக் காலணி உருவாகி, பயன்பட்டு, குப்பைக்குப் போய்ச் சேரும் வரை சுமார் 14 கிலோ கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது என்று அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2013இல் கணக்கிட்டார்கள். அதில் பெரும் பகுதி தொழிற்சாலையிலேயே ஏற்படுவது. இருக்கும் காலணி தேயும் முன்பே புதிய நிறத்துக்காக இன்னொன்று வாங்குவது, வியர்வை உறிஞ்சும் என்று சொல்லிப் பாலியஸ்டர் பனியன்களை அடுக்கி வைப்பது, ஒவ்வொரு நாளும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எறிவது இவையெல்லாம் பயிற்சியோடு வந்து ஒட்டிக் கொண்ட பழக்கங்கள். பாலியஸ்டர் என்பது பெட்ரோலியத்திலிருந்து வந்த இழை. துவைக்கும் போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உதிர்ந்து சாக்கடை வழியே நீர்நிலைகளில் போய்ச் சேர்கின்றன.

வீண் விரயம் என்பது எது?

இங்கே ஒரு சகோதரர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "மின்சாரக் கட்டணத்தை நான் கட்டுகிறேன் பாய். பெட்ரோலும் என் காசு. யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஹராமான காரியமும் செய்யவில்லை. என் உடம்பைத்தானே பார்த்துக் கொள்கிறேன். இதிலே என்ன குற்றம்?"

நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண, இஸ்ராஃப் என்னும் வீண் விரயம் எது என்பதைத் தெளிவாக அறிந்து கொள்ள வேண்டும். ஆகாத காரியத்தில் செலவழிப்பது மட்டும்தான் விரயம் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வாறு செலவழிப்பதற்குத் தப்தீர் என்று வேறு பெயரே உண்டு. இஸ்ராஃப் என்பதோ ஆகுமான காரியத்தில் அளவைக் கடப்பது. உண்ணுவதும் பருகுவதும் ஆகுமானவையே. அவற்றைச் சொல்லும் போதே அளவு மீறாதீர்கள் என்ற கட்டளையையும் திருமறை சேர்த்துச் சொல்கிறது. ஆகவே ஒரு செயல் நல்லது என்பதனால் அதிலே விரயம் நுழைய முடியாது என்று ஆகிவிடாது. நல்ல செயலுக்குள்ளும் விரயம் நுழையும் என்பதால்தான் எச்சரிக்கையே தேவைப்படுகிறது.

இதற்கு ஒளுவைவிடச் சிறந்த உதாரணம் வேறில்லை. ஒளு ஒரு வணக்கம். தண்ணீர் இல்லாமல் அது நிறைவேறாது. ஆயினும் ஓடுகின்ற ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யக் கூடாது என்று ஸஅது (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக வரும் செய்தியை எண்ணிப் பாருங்கள். ஆற்று நீர் யாருக்கும் தனிச் சொத்தன்று. அதற்கு விலையும் இல்லை. ஒளுச் செய்து வழிந்த நீர் மீண்டும் ஆற்றிலேயே போய் விழுகிறது. யாருக்கும் நஷ்டமில்லை என்று வாதிட இதைவிட நல்ல இடம் ஏது? அந்த இடத்திலும் அளவு வேண்டும் என்றால், விரயத்தின் முதல் தீங்கு விரயம் செய்பவனின் உள்ளத்திலேயே விளைகிறது என்பதுதான் அதன் பொருள். தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் அளவோடு எடுக்கப் பழகாத கை, அரிதாகக் கிடைக்கும் இடத்தில் பிறர் பங்கையும் அள்ளிக் கொள்ளும்.

மின்சாரமும் பெட்ரோலும் ஆற்று நீரைப் போன்றவையும் அல்ல. அவற்றின் விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை. சாம்பல் மேட்டுக்கு அருகில் குடியிருப்பவன் தன் சுவாசத்தால் கொடுக்கிறான். மழை தவறிப் போன காட்டுக்குச் சொந்தக்காரன் தன் விளைச்சலால் கொடுக்கிறான். பெருமழையில் குடிசையை இழந்தவன் தன் கூரையால் கொடுக்கிறான். கட்டண ரசீதில் இவர்கள் பெயர்கள் இல்லை. நம் கட்டணத்தோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் இவர்களிடமும் நாம் கேட்க வேண்டியிருக்கும்.

நீரின் அருமை அறிந்த ஊர்

உசிலம்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், தேனி செல்லும் சாலையில் உள்ள இவ்வூரைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. உசிலை மரங்கள் நிறைந்திருந்ததால் இப்பெயர் வந்தது என்பார்கள். அந்த உசிலையின் இலையை இடித்து எடுக்கும் அரப்புத் தூளைத் தேய்த்துத் தலை முழுகியவர்கள் நம் முன்னோர்கள். வறட்சியைத் தாங்கி நிற்கும் அம்மரமே இவ்வூருக்குப் பெயராக அமைந்தது பொருத்தம்தான்.

வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. அருகிலேயே அணை இருந்தும் இந்தப் பகுதியின் கண்மாய்கள் காய்ந்து கிடந்தன. 58 கிராமக் கால்வாய் வேண்டும் என்று மக்கள் பல்லாண்டுகள் போராடினார்கள். கால்வாய் வெட்டப்பட்டு, 2018இல்தான் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் வந்தது. அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 67 அடியைத் தொட்டால்தான் இந்தக் கால்வாயில் தண்ணீர் ஏறும். எனவே வைகை நிரம்பாத ஆண்டில் கால்வாயும் இல்லை. அணையின் அடி எண்ணிக்கையைச் செய்தித்தாளில் தினமும் பார்த்துக் காத்திருக்கும் விவசாயிகள் வாழும் மண்ணில், பயிற்சி முடித்துவிட்டு வந்து ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்பது எப்படிப்பட்ட செயல்? நிமிடத்துக்கு எட்டு லிட்டர் வீதம் 80 லிட்டர் நீர் சாக்கடைக்குப் போகிறது. அதே குளிப்பை ஒரு வாளி நீரில், 20 லிட்டருக்குள், நன்றாக முடித்துவிடலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்ததாகவும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்ததாகவும் ஹதீஸ்களில் காண்கிறோம். ஒரு முத்து என்பது முக்கால் லிட்டருக்குள் அடங்கும். நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாவு. நாம் அந்த அளவை எட்ட முடியாமல் போகலாம். பள்ளிவாசல் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டு ஒளுச் செய்யும் நாம், அந்த அளவுக்கும் நமது அளவுக்கும் உள்ள தூரத்தையாவது அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

துளி எவ்வளவு, வெள்ளம் எவ்வளவு?

மற்றொரு கேள்வியும் எழும். "பெரிய ஆலைகள் புகை கக்குகின்றன. விமானங்கள் பறக்கின்றன. உலகத்துப் பணக்காரர்கள் ஒருவரே ஓர் ஊர் செலவழிப்பதைச் செலவழிக்கிறார்கள். உசிலம்பட்டியில் ஒருவர் தம் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் உலகம் திருந்திவிடுமா?"

திருந்திவிடாது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் மாதம் மிச்சப்படுத்தும் 15 யூனிட்டால் அனல் மின் நிலையத்தின் ஓர் உலைகூட அணையப் போவதில்லை. ஆலைகளைக் கட்டுப்படுத்துவதும், நல்ல சாலையும் பேருந்தும் ரயிலும் தருவதும் அரசுகளின் பொறுப்பு. அவற்றைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் பொறுப்பு. மதுரை – போடி மீட்டர் கேஜ் ரயில் பாதை 2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப் பாதைப் பணிக்காக மூடப்பட்ட பிறகு, 2022 மே மாதம் மதுரை – தேனி ரயில் ஓடத் தொடங்கும் வரை இவ்வழி மக்கள் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் சாலையை மட்டுமே நம்பியிருந்தார்கள். அக்காலத்தில் ரயிலில் போகாமல் ஏன் புகை விட்டீர்கள் என்று அவர்களைக் கேட்பது நியாயமாகுமா? வழியே இல்லாத இடத்தில் தனி மனிதரைக் குற்றம் சொல்வது அநீதி.

ஆனால் வழி இருக்கும் இடத்தில்? அங்கேதான் நம் கணக்குத் தொடங்குகிறது. அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காட்டப்படும் என்பது நமது ஈமான். உலகம் திருந்துமா என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு நம் மீது சுமத்தப்படவில்லை. நீ உன் பங்கை என்ன செய்தாய் என்ற கேள்விக்குத்தான் நாம் விடை சொல்லியாக வேண்டும். மறுமை நாள் வந்து நிற்கும் வேளையிலும் கையில் ஒரு மரக்கன்று இருக்குமானால் அதை நட்டுவிடும்படி சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தக் கன்று வளர்ந்து நிழல் தரப் போவதில்லை என்பது தெரிந்தும் நடச் சொன்னது ஏன் என்று சிந்திப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் விடை கிடைத்துவிடும்.

அடிகள் எழுதப்படுகின்றன

நடை என்பது நம் மார்க்கத்தில் மிகவும் கண்ணியமான செயல். ரஹ்மானின் அடியார்கள் பூமியில் பணிவோடு நடப்பார்கள் என்று அவர்களுடைய முதல் அடையாளமாகவே நடையைத் திருமறை குறிப்பிடுகிறது. பெருமை அடித்துக் கொண்டு நடக்காதே, நடையில் நடுநிலையைக் கைக்கொள் என்று லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசம் நமக்கெல்லாம் உபதேசமாயிற்று. மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்குபவரைப் போல நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரைந்து நடப்பார்கள் என்று ஸஹாபாக்கள் வர்ணித்திருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குத் தொலைவில் குடியிருந்த பனூ ஸலமா குடும்பத்தார் பள்ளியின் அருகே குடிபெயர விரும்பிய போது, உங்கள் அடிச்சுவடுகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தைச் சொல்லி அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் செய்தார்கள். பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்புவது ஸுன்னத்.

பள்ளிவாசலுக்கு அரைக் கிலோமீட்டர் தூரத்தில் வீடு இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஐந்து வேளையும் நடந்து போய் வந்தால் நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர் ஆகிறது. மருத்துவர் சொன்ன அரை மணி நேரத்தைவிட இது அதிகம். இதற்குக் கட்டணமில்லை, மின்சாரமில்லை, புகையில்லை. அடிக்கு அடி நன்மையும் எழுதப்படுகிறது. ஒரு நிய்யத்தைச் சேர்த்துக் கொண்டால் இபாதத்தும் ஆரோக்கியமும் ஒரே நடையில் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் அந்த அரைக் கிலோமீட்டருக்கு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிப் போய், வந்த பிறகு மாடியில் ஏறி இயந்திரத்தில் நடப்பதை என்னவென்று சொல்வது?

சுமையை இறக்கும் பயிற்சி

உடற்பயிற்சிகளில் சிறந்தது எது என்று கேட்டால், பிறர் மீது புதிய சுமை எதையும் ஏற்றாத பயிற்சி நல்லது என்றும், பிறருடைய சுமையை இறக்கி வைக்கும் பயிற்சி அதனினும் நல்லது என்றும் சொல்லலாம்.

முதல் வகைக்கு நம் மண்ணிலேயே எத்தனையோ உண்டு. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம் ஆகியவற்றுக்கு எந்த மின்சாரமும் வேண்டாம். தென் மாவட்டத்துக் கிராமச் சாவடிகளில் இன்றும் இளவட்டக்கல் கிடக்கிறது. நூற்றாண்டுகளாக இளைஞர்கள் தூக்கிய கல். தேயவும் இல்லை, குப்பைக்குப் போகவும் இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததும், ருக்கானா என்ற பலசாலியோடு மல்யுத்தம் செய்ததும் திறந்த வெளியில்தான். பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிட மேலானவர் என்று அவர்கள் சொன்ன பலத்தை அடைவதற்குக் குளிரூட்டிய அறை தேவைப்படவில்லை.

இரண்டாவது வகையை நம் வீட்டிலேயே தொடங்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள். வீட்டு வேலைகளில் துணைவியருக்கு உதவினார்கள். நம் வீட்டு ஆண்கள் உடம்பு குறைய வேண்டுமென்று ஓடுகிறார்கள். அதே நேரத்தில் வீட்டுப் பெண்கள் தண்ணீர் லாரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து படியேறுகிறார்கள். அந்தக் குடத்தை ஆண் வாங்கிக் கொள்வதைவிட நல்ல பயிற்சி எது? சந்தைக்குச் சைக்கிளில் போய்ப் பையோடு திரும்புவது, மாடிப்படி பெருக்குவது, பக்கத்து வீட்டு முதியவருக்கு மருந்து வாங்க நடந்து போவது இவையெல்லாம் வியர்வை சிந்த வைக்கும் காரியங்கள்தாம். இந்த வியர்வை ஒருவருக்குப் பயன்படுகிறது, காற்றை அரைக்கவில்லை.

சுவீடன் நாட்டில் 2016 வாக்கில் ஒரு பழக்கம் தொடங்கியது. ஓடிக் கொண்டே வழியில் கிடக்கும் குப்பைகளைக் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக் கொள்கிறார்கள். பிளாக்கிங் என்று அதற்குப் பெயர். ஓட்டமும் ஆயிற்று, குனிந்து நிமிரும் பயிற்சியும் ஆயிற்று, தெருவும் சுத்தமாயிற்று. 2019 அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டிலும் அரசே இதை ஓர் இயக்கமாக நடத்தியது. உலகம் இதைப் புதுமையாகப் பேசுகிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கற்றுக் கொண்ட சமுதாயம் நாம்! சுப்ஹு தொழுதுவிட்டுப் பேரையூர் சாலையிலோ வத்தலக்குண்டு சாலையிலோ நடக்கும் நம் இளைஞர்கள் ஆளுக்கொரு மஞ்சப்பையை எடுத்துச் சென்று இதைச் செய்தால், அது ஊராருக்கு நாம் செய்யும் ஸதகா ஆகாதா?

தாய்மார்களும் முதியவர்களும்

இங்கே ஒரு தாயார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை ஆண்களுக்கு மட்டும் எழுதியதாகிவிடும். "நீங்கள் ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்து போகிறீர்கள். விடியற்காலையில் சாலையில் நடக்கிறீர்கள். நாங்கள் எங்கே போய் நடப்பது? தெருவில் நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். இருட்டில் போகப் பயமாக இருக்கிறது. சர்க்கரை நோயோ எங்களையும் விடுவதில்லை. வீட்டுக்குள் வைத்திருக்கும் இயந்திரத்தையும் விரயம் என்கிறீர்களா?"

இல்லை தாயே! வேறு வழியில்லாதவர் பயன்படுத்தும் இயந்திரம் விரயமாகாது. தேவைக்குப் பயன்படுத்துவது வேறு. தேவையில்லாமல் பயன்படுத்துவது வேறு. முழங்கால் வலியுள்ள முதியவர், மருத்துவர் சொன்னதற்காகப் பயிற்சி செய்பவர், வெளியில் நடக்கப் பாதுகாப்பான இடமில்லாத பெண்மணி, லாரியும் பேருந்தும் பறக்கும் தேனி சாலையை ஒட்டிக் குடியிருப்பவர் ஆகியோர் மனச் சங்கடமின்றிப் பயன்படுத்தலாம். உடல் என்னும் அமானிதத்தைக் கைவிட்டுவிட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்துவது மார்க்கமாகாது.

ஆயினும் அந்தத் தாய்க்கு வேறு வழியில்லாமல் செய்தது யார் என்று நாம் நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும். பெண்கள் அமைதியாக நடக்க ஓர் இடத்தை ஏற்படுத்தித் தராத ஊர், அவர்கள் இயந்திரம் வாங்குவதைக் குறை சொல்ல உரிமையற்றது. ஜமாஅத்துகளுக்கு மதரஸா வளாகம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, திருமண மண்டபம் இருக்கிறது. அவற்றில் ஒன்றை நாள்தோறும் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று மட்டும் திறந்து வைத்தால் என்ன? ஊரில் பத்து வீடுகளில் பத்து இயந்திரங்கள் தூசி படிந்து கிடப்பதற்குப் பதிலாக, அங்கே இரண்டு இயந்திரங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் போதாதா? தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப் பாதைகளைத் தொடங்கி வைத்தது. மாவட்டத் தலைநகரில் உள்ள பாதை நம் ஊர்ப் பெண்களுக்கு எட்டாது. நம் தெருவுக்கு எட்டும் பாதையை நாம்தான் உருவாக்க வேண்டும். வேப்பம், புங்கன், உசிலை என்று பத்துக் கன்றுகளை அந்த மைதானத்தைச் சுற்றி நட்டு, ஒளுச் செய்த நீரை அவற்றுக்குப் பாய வைத்தால் சில ஆண்டுகளில் நிழலும் கிடைத்துவிடும்.

உள்ளத்தின் எடை

இறுதியாக ஒன்று. இயந்திரத்தில் ஓடுபவனுக்குத் தன் உடலழகைக் கண்டு பெருமை வரக் கூடும். நடந்து போகிறவனுக்குத் தன் எளிமையைக் கண்டு பெருமை வரக் கூடும். இரண்டாவது பெருமை முதலாவதைவிட ஆபத்தானது. ஏனெனில் அது நன்மையின் உடையை அணிந்து கொண்டு வரும். மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வரும் சகோதரரைப் பார்த்து உள்ளுக்குள் ஏளனம் செய்தபடி நடந்து வருபவர், பெட்ரோலை மிச்சப்படுத்தினார். நடந்ததன் நன்மையையோ வழியிலேயே சிந்திவிட்டார். அந்தச் சகோதரருக்கு என்ன நோயோ, என்ன அவசரமோ, நமக்குத் தெரியாது. நம் கையிலுள்ள அளவுகோலால் முதலில் நம்மையே அளந்து கொள்வோம்.

ஆகவே நாளை காலை பயிற்சிக்குப் புறப்படும் முன் நமக்கு நாமே மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்வோம். இந்தப் பயிற்சி என் உடலுக்குப் பயன் தருகிறதா? இதே பயனை இதைவிடக் குறைந்த செலவில், குறைந்த நீரில், புகையின்றிப் பெற எனக்கு வழி இருக்கிறதா? இதிலே சிந்தும் வியர்வையில் ஒரு துளியாவது என் வீட்டாருக்கோ, என் தெருவுக்கோ உதவுமா? முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்பவர் ஓர் அமானிதத்தைப் பேணுகிறார். மூன்றுக்கும் விடை தேடுபவர் இரண்டு அமானிதங்களையும் பேணுகிறார்.

ஆரோக்கியத்தையும் ஓய்வையும் பெற்றிருந்தும் அவற்றின் அருமை அறியாமல் நஷ்டமடைவோரின் கூட்டத்தில் நம்மைச் சேர்த்துவிடாமல், உடலையும் பூமியையும் ஒப்படைத்தவனிடம் பழுதின்றித் திருப்பி ஒப்படைக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.